ஹோட்டன் சமவெளியில் ஒரே ஒரு நாள்: எந்தப் பாதையில் நடப்பது?

யாழ்ப்பாணத்திலிருந்து மச்சினன் குடும்பம் வந்திருந்தபோது நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நுவரெலியாவில் தங்கி, காலைச் சாப்பாட்டை ஆறுதலாக முடித்து, பிள்ளைகளுக்குத் தலை சீவி, வான் வண்டியில் ஏறும்போதே எட்டரை. ஹோட்டன் சமவெளித் தேசிய பூங்கா வாசலில் வரிசை. பூங்காவுக்குள் இருக்கும் ஃபார் இன் என்ற பழைய விடுதியிலிருந்து நடக்கத் தொடங்கும்போது பத்து தாண்டிவிட்டது. உலக முடிவு (World's End) என்கிற செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றபோது பதினொன்றரை. எதிரே வெள்ளை. கீழேயும் வெள்ளை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மச்சினன் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுக்கோ அத்தான் இவ்வளவு தூரம் நடந்து வந்தனாங்கள்?" என்றார்.

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. பிறகு யோசித்ததில் பிழை என் பக்கம்தான் என்று விளங்கியது. பத்து மணிக்கு ஃபார் இன்னில் நிற்கிற ஒரு குடும்பத்தை உலக முடிவுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கவே கூடாது. அதே பூங்காவில், அதே நுழைவுச்சீட்டில், அந்த நேரத்துக்குப் பொருத்தமான வேறு நடைகள் இருந்தன.

எனக்குச் சொந்த ஊர் ஹப்புத்தளை. அதனால் டிசம்பர் விடுமுறை நெருங்கினால் கொழும்பிலிருந்தும் வடக்கிலிருந்தும் ஃபோன் வரும்: "அண்ணே, ஹோட்டன் சமவெளிக்கு எப்படிப் போறது?" கேட்பவர்கள் எல்லோருமே உலக முடிவைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். ஆனால் உள்ளே நடக்க நான்கு வழி உண்டு. உலக முடிவைத் தொட்டுத் திரும்பும் ஏறத்தாழ 9.5 கிலோமீற்றர் வட்டப் பாதை. அந்த வட்டத்தில் பேக்கர் நீர்வீழ்ச்சி வரை மட்டும் போய்த் திரும்பும் நடை. பட்டிப்பொல வாசல் பக்கமுள்ள தொட்டுப்பொல மலை. ஃபார் இன்னிலிருந்து தொடங்கும் கிரிகல்பொத்த மலை. எதைத் தெரிவு செய்வது என்பதை அழகை வைத்து முடிவெடுக்க வேண்டாம். நீங்கள் வாசலுக்கு எத்தனை மணிக்கு வந்து சேர்வீர்கள் என்பதை வைத்து முடிவெடுங்கள்.

ஏன் என்றால், அந்த முகிலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஹோட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே கிடக்கும் ஒரு மேட்டுநிலம். அதன் தெற்கு விளிம்புதான் உலக முடிவு. அங்கே தரை ஒரேயடியாக 870 மீற்றர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. வெயில் ஏறியதும் கீழ்நாட்டு ஈரக்காற்று சூடாகி இந்தப் பாறைச் சுவர் வழியே மேலே கிளம்பும். ஏற ஏறக் குளிர்ந்து, விளிம்புக்கு வந்து சேரும்போது முகிலாகிவிடும். நல்ல நாளிலும் ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் இது நடந்துவிடும். வெயில் நல்லாக அடிக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு பத்து மணிக்கு வருகிறவர்கள்தான் கூடுதலாக ஏமாறுகிறார்கள்.

வாசல் காலை ஆறு மணிக்குத் திறக்கும். ஃபார் இன்னிலிருந்து சின்ன உலக முடிவு வழியாகப் பெரிய உலக முடிவுக்கு நான்கு கிலோமீற்றர். பிள்ளைகள் இல்லாமல் என்றால் ஒன்றேகால் மணி நேரம், பிள்ளைகளோடு ஒன்றே முக்கால். ஆகவே ஆறு, ஆறரைக்குள் வாசலில் நிற்க முடியுமானால் தயங்காமல் வட்டப் பாதையையே எடுங்கள். அப்போது அது இலங்கையில் ஒரு காலைப் பொழுதில் நடக்கக்கூடிய மிகச் சிறந்த நடை. ஏழரைக்கு மேல் என்றால் எனக்கு அரை நம்பிக்கைதான். எட்டரைக்கு மேல் என்றால் நீர்வீழ்ச்சியையோ தொட்டுப்பொலவையோ பாருங்கள்.

வட்டப் பாதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தொடக்கம் திறந்த புல்வெளி. மலையகத்தில் பத்தனை என்கிறோமே, அது. ஜனவரியில் விடியற்காலையில் புல் நுனியெல்லாம் உறைபனி பிடித்து உப்புத் தூவினாற்போல இருக்கும். பாதை ஓரத்து ஓடைகளில் குட்டை மூங்கில். மண் கறுப்பு, சப்பாத்துக்குக் கீழே மெத்தைபோல அமுங்கும். இந்த மண்ணும் புல்லும் மரங்களில் தொங்கும் பாசியும் பிடித்து வைக்கும் தண்ணீர்தான் மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் போய்ச் சேருகிறது. பாதை பிரியும் இடத்தில் ஒரு பக்கம் சின்ன உலக முடிவுக்கும் மறு பக்கம் நீர்வீழ்ச்சிக்கும் போகும். வட்டம்தானே, எந்தப் பக்கம் போனால் என்ன என்று சிலர் நினைக்கிறார்கள். பெரிய வித்தியாசம். விடியலில் வந்தவர் சின்ன உலக முடிவுப் பக்கமே போக வேண்டும். நீர்வீழ்ச்சி பத்து மணிக்கும் அங்கேதான் இருக்கும்.

சின்ன உலக முடிவில் பள்ளம் ஏறத்தாழ 270 மீற்றர். அங்கேயே பலர் "அம்மாடி!" என்று உட்கார்ந்துவிடுவார்கள். பெரியதற்கு இன்னும் கொஞ்சம் காட்டுக்குள்ளால் போக வேண்டும். வேரும் கல்லும் நிறைந்த மேடு பள்ளம். பிறகு திடீரென்று காடு முடிந்து காற்று முகத்தில் அடிக்கும். கீழே தெரிவது நன்பரேல் தேயிலைத் தோட்டம். தோட்டத் தொழிலாளர் லயத்துத் தகரக் கூரைகள் நெருப்புப் பெட்டிகளாகக் கிடக்கும். அதற்கு அப்பால் சமனலவெவ நீர்த்தேக்கம் ஒரு கண்ணாடித் துண்டு. துப்பரவான காலையில் 80 கிலோமீற்றருக்கு அப்பால் தெற்குக் கடலின் கோடு தெரியும் என்பார்கள். நான் ஒரே ஒரு தடவை அதைக் கண்டேன். என் மனைவி அது கடல் இல்லை, முகில்தான் என்று இன்றைக்கும் சாதிக்கிறாள்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு அந்த விளிம்பில் நிற்கும்போது வேறொரு நினைப்பும் வரும். மேலே இருந்து அழகாகத் தெரியும் அந்தப் பச்சைச் சரிவில் இந்நேரம் ஆட்கள் கூடையோடு மலைக்கு ஏறிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் நிமிர்ந்து பார்த்தால் எங்களைத் தெரியாது. பாறை மட்டும்தான் தெரியும்.

அங்கிருந்து இரண்டு கிலோமீற்றரில் பேக்கர் நீர்வீழ்ச்சி. 20 மீற்றர் உயரம். இலங்கையின் பெரிய அருவிகளோடு ஒப்பிட்டால் சின்னது. ஆனால் பாறையில் விசிறிபோல விரிந்து விழும் விதமும், சுற்றியுள்ள பன்னக் கூட்டமும், முகத்தில் அடிக்கும் சாரலும் வேறெங்கும் கிடைக்காது. ஒரு எச்சரிக்கை: அருவிக்கு இறங்கும் படிகள் செங்குத்தானவை, எப்போதும் ஈரம். வட்டத்தில் நடந்து ஆறு கிலோமீற்றர் முடிந்த பிறகு இந்த இறக்கம் வருவதால் முழங்கால் வருத்தமுள்ளவர்களுக்கு இதுதான் சோதனை. என் அம்மாவை மேலேயே மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் இறங்கி ஏறினோம். அவர் அங்கே மஞ்சள் காதுச் சின்னான் குருவி ஒன்றைப் பத்தடி தூரத்தில் பார்த்தாராம். நாங்கள் பார்க்கவில்லை.

இந்தப் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1831 முதல் 1837 வரை பிரித்தானியத் தேசாதிபதியாக இருந்த றொபர்ட் வில்மட் ஹோட்டனின் பெயர் சமவெளிக்கு. 1848ல் நுவரெலியாவில் பண்ணைக் குடியேற்றம் தொடங்கிய சாமுவேல் பேக்கரின் பெயர் அருவிக்கு. தோட்டத்துரை தாமஸ் ஃபாரின் பெயர் ஃபார் இன் விடுதிக்கு. அதற்கு முன்னால் சிங்களத்தில் இந்த இடம் மகா எலிய, பெரிய வெளி. பேக்கர் பெரிய வேட்டைக்காரர். அந்தக் காலத்து வேட்டையில் சமவெளியிலிருந்து யானைகள் இல்லாமலே போயின. பிறகு புல்வெளியில் ஒரு பகுதியை உழுது உருளைக்கிழங்கும் போட்டிருந்தார்கள். 1969ல் அது சரணாலயமானது, 1988ல் 3,160 ஹெக்டயரோடு தேசிய பூங்கா, 2010ல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் ஒரு பகுதி.

இனி, நேரம் பிந்தியவர்களுக்கான நடைகள்.

சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் கலந்த கூட்டம் என்றால் நீர்வீழ்ச்சிப் பக்கமாகப் போய் அதே வழியில் திரும்புவது. போக மூன்றரை, வர மூன்றரை. முகில் வந்தாலும் கவலையில்லை. புல்வெளியில் முகில் உருண்டு போவதைப் பார்ப்பதே பிள்ளைகளுக்கு விளையாட்டு. மச்சினன் குடும்பத்தை நான் கூட்டிப் போயிருக்க வேண்டியது இங்கேதான்.

நடக்கக் கால் உண்டு, ஆனால் நேரமில்லை என்பவர்களுக்குத் தொட்டுப்பொல. 2,357 மீற்றர், நாட்டின் மூன்றாவது உயர்ந்த மலை. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், பாதை தொடங்கும் இடமே ஏற்கெனவே உயரத்தில் இருப்பதால் நடை ஒரு பக்கம் இரண்டு கிலோமீற்றர் அளவுதான். இரண்டு மணி நேரத்தில் போய் வந்துவிடலாம். "தொட்டுபொல" என்றால் சிங்களத்தில் துறை; இராவணனின் விமானம் வந்து இறங்கிய இடம் என்பது ஊர்க்கதை. மேலே முகில் மூடாது என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் இந்தப் பாதையின் சுகம் உச்சியில் இல்லை, வழியில் இருக்கிறது. முகில் காட்டு மரங்கள் இங்கே ஆளுயரத்துக்குக் குறுகி, கிளையெல்லாம் முறுக்கி, பாசி போர்த்திக்கொண்டு நிற்கும். ஈரமான வெள்ளை வெளிச்சத்தில்தான் அந்தக் காடு அதன் உண்மையான முகத்தைக் காட்டும். உலக முடிவில் எதைத் திட்டினோமோ, அதே முகில் இங்கே காட்சியாகிவிடுகிறது. காட்டுக்குள் நெலுச் செடியையும் காணலாம். பல வருடங்களுக்கு ஒரு முறை மொத்தமாகப் பூத்துச் சாகும் இனம், பழனி மலைக் குறிஞ்சிக்கு நெருங்கிய சொந்தம். கூட்டமும் குறைவு. நான் கடைசியாகப் போனபோது ஏறி இறங்கும் வரை எதிரே வந்தவர்கள் மூன்றே பேர்.

கிரிகல்பொத்த வேறு கதை. ஏறத்தாழ 2,390 மீற்றர், பீதுருதாலகாலவுக்கு அடுத்தது. பீதுருதாலகாலவின் உச்சி பாதுகாப்பு வலயத்துக்குள் இருப்பதால், சாதாரண ஆட்கள் காலால் நடந்து ஏறக்கூடிய மிக உயர்ந்த மலை என்று இதைத்தான் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் ஏழு கிலோமீற்றர். கணக்குப் பார்த்தால் வட்டப் பாதையைவிட நாலரை கிலோமீற்றர்தான் கூடுதல். நடந்து பார்த்தால் இரண்டு மடங்கு. சதுப்பு, ஓடை, முகத்தில் அடிக்கும் மூங்கில், சில இடங்களில் பாதை இருக்கிறதா என்றே சந்தேகம். முகில் இறங்கினால் அந்தச் சந்தேகம் பயமாகும். இதற்கும் விடியலில்தான் தொடங்க வேண்டும், ஆனால் காரணம் வேறு. இருட்டுவதற்குள் திரும்பி வர வேண்டுமே. முன்பு போய் வந்த ஒருவர் கூட வரவேண்டும், வாசலில் வனஜீவராசிகள் திணைக்களத்து ஆட்களிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், தனியாகப் போகவே வேண்டாம். தெளிந்த நாளில் மேற்கே சிவனொளிபாத மலையின் கூம்பு தெரியும். முதல் தடவை வருகிறவர்களுக்கு இதை நான் சொல்வதில்லை. உலக முடிவை இரண்டு மூன்று தடவை பார்த்து அலுத்தவர்களுக்குச் சொல்கிறேன்.

ஆக, எல்லாம் ஆறு மணிக்கு வாசலில் நிற்பதில் வந்து முடிகிறது. அதற்கு முதல் நாள் இரவு எங்கே தங்குவது?

பெரும்பாலானோர் நுவரெலியா என்பார்கள். 32 கிலோமீற்றர், பட்டிப்பொல வழியாக ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. ஹோட்டல்களுக்குக் குறைவில்லை, வான் பிடிப்பது சுலபம். அதுதான் அதன் கோளாறும். எல்லோரும் அங்கிருந்தே கிளம்புவதால் விடுமுறை நாட்களில் பட்டிப்பொல வாசலில் வாகனம் வரிசை கட்டி நிற்கும். ஏப்ரல் வசந்த காலக் கொண்டாட்டத்தின்போது அந்தப் பக்கமே போகாதீர்கள் என்பேன்.

ஹப்புத்தளையிலிருந்து பொரலந்த, ஒஹிய வழியாக மற்ற வாசலுக்கு வரலாம். பாதை ஒடுக்கம், வளைவுகள் அதிகம், ஒன்றரை மணி நேரம் வையுங்கள். நாலரைக்கே புறப்பட வேண்டும். ஆனால் ஒஹிய வாசலில் நெரிசல் குறைவு. ஊர்ப்பாசம் என்று சொல்லாதீர்கள், ஹப்புத்தளையில் தங்கினால் விடியற்காலைப் பயணத்தின் கடைசிப் பகுதியே ஒரு காட்சி.

எனக்குப் பிடித்தது ஒஹிய. ரயில் நிலையமும் நாலு கடையும் கொண்ட சின்ன இடம், சில எளிமையான தங்குமிடங்கள். அங்கிருந்து ஃபார் இன்னுக்கு 11 கிலோமீற்றர். ஓட்டோ அல்லது வான் முதல் நாளே பேசி வைத்துவிட்டால் ஐந்தேகாலுக்கு எழும்பினால் போதும். இளவட்டங்கள் கொழும்பிலிருந்து இரவுத் தபால் ரயிலில் வந்து விடியுமுன் ஒஹியவில் இறங்கி அப்படியே மேலே போவதுண்டு. நானும் இருபத்து மூன்று வயதில் செய்தேன். ஏற்றம் முழுவதையும் நடந்தே ஏறினோம், மூன்றரை மணி நேரம். உலக முடிவுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெள்ளைச் சுவர்தான். நடப்பதில் ஆசை உள்ளவர்கள் ஏறும்போது வாகனத்தில் போய், இறங்கும்போது நடக்கட்டும். ரயிலை நம்பி வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மழைக்காலத்தில் மண்சரிவு வந்தால் மலைப்பாதைக் கோச்சி நாட்கணக்கில் ஓடாது. அட்டவணையையும், ரயில் ஓடுகிறதா என்பதையும் விசாரித்துவிட்டுப் பை கட்டுங்கள். பகல் ரயிலில் நானுஓயாவிலிருந்து வந்து அன்றே உலக முடிவைப் பார்ப்பது என்ற திட்டத்தை மட்டும் மறந்துவிடுங்கள்.

பூங்காவுக்குள்ளேயே திணைக்களத்தின் பங்களாக்கள் இருக்கின்றன. கிடைத்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை, வாசல் என்ற பிரச்சினையே இல்லை. நீண்ட வார இறுதிகளில் கிடைப்பது குதிரைக்கொம்பு.

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் சொந்தக்காரர்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் நுழைவுச்சீட்டு எங்களுடையதைப் போலப் பலமடங்கு. தமிழில் கதைத்தால் குறையாது. அவ்வளவு கொடுத்த பிறகு ஒரே நடையோடு திரும்புவது நட்டம். காலையில் வட்டப் பாதை, பத்தரைக்கு ஃபார் இன்னில் தேத்தண்ணி, பட்டிப்பொல வழியாக வெளியேறும்போது தொட்டுப்பொல. ஒரே நாளில் 14 கிலோமீற்றருக்குள் முடியும். கால் மட்டும் அடுத்த நாள் கதை சொல்லும்.

மாதத்தைப் பொறுத்தவரை ஜனவரி முதல் மார்ச் வரை. மே மாதத்திலிருந்து தென்மேல் பருவக்காற்று வந்துவிட்டால் விடியற்காலைக் கணக்கும் பொய்த்துப் போகும். அப்போது வருகிறவர்கள் நேரே நீர்வீழ்ச்சிக்கோ தொட்டுப்பொலவுக்கோ மனதைத் தயார் பண்ணிக்கொண்டு வரலாம், மழைச்சட்டையோடு.

வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் பைகள், பிஸ்கட் உறைகள், தண்ணீர்ப் போத்தலைச் சுற்றிய லேபிள்கூட அங்கேயே நிற்கும். பிஸ்கட்டைக் கடதாசியில் கொட்டித் தருவார்கள், வழியெல்லாம் தூளாகிவிடும். முதலே வாழையிலையில் ரொட்டியும் கட்டைச் சம்பலும் கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கோபப்படாதீர்கள். ஃபார் இன் பக்கம் மரை மான்கள் மனிதருக்குப் பழகி வாகனத்துக்குக் கிட்டவே வந்து நிற்கும். வீசிய உணவோடு பொலித்தீனும் அவற்றின் வயிற்றுக்குள் போகும். படம் எடுங்கள், பாண் கொடுக்காதீர்கள்.

இந்த ஜனவரியில் மச்சினன் குடும்பம் திரும்பவும் வருகிறது. இம்முறை ஒஹியவில் அறை சொல்லியாகிவிட்டது, ஓட்டோவும் பேசியாகிவிட்டது. நேற்று இரவு ஃபோனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மச்சினன் கடைசியாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஐஞ்சேகாலுக்கோ அத்தான்? பிள்ளையளுக்குத் தலை இழுக்கிறது எப்ப?"

தொப்பி போட்டுவிடச் சொன்னேன்.